பிரசவ ரட்சை மாடியில் கறுத்துப்போன ஃபில்டர்

ஓய்வு பெற்றவர்கள் எழுதும் பக்கத்துக்கு என்னை எழுதச் சொன்னபோது, ஆள் மாறிக் கேட்டுவிட்டார்களோ என்று இரண்டு முறை விசாரித்துக்கொண்டேன். எனக்கு வயது முப்பத்து மூன்று. இரண்டாவது குழந்தை பிறந்ததும் வேலையை விட்டேன், அவ்வளவுதான். ஆனால் அலுவலகத்தில் இப்போது என் நாற்காலியில் இருக்கும் சௌமியா விடவில்லை.

"அக்கா, வேலையை விட்டுப் போனவங்க எல்லாரும் ரிட்டயர்டுதான். புதுசா வந்த பிள்ளைங்க பிளேட்டைக் கண்ணாலயே பார்த்ததில்ல. நீங்க எழுதுங்க."

இப்போது சுவரில் ஒரு வெள்ளைப் பெட்டியை மாட்டிவிடுகிறார்களாம். அறைக் காற்றில் தூசி எவ்வளவு, ஈரம் எவ்வளவு என்று செல்போனுக்கே வந்துவிடுகிறதாம். அளவு மீறினால் பெட்டி சிவப்பாகும். ஏன் சிவப்பானது என்று மட்டும் அதற்குச் சொல்லத் தெரியாது, அதைக் கண்டுபிடிப்பது எப்படி என்று பிள்ளைகள் கேட்கிறார்கள் என்றாள் சௌமியா. எனக்கும் அது முழுதாகத் தெரியும் என்று சொல்ல மாட்டேன். தெரிந்த ஒருவரோடு சில வருடங்கள் சுற்றியிருக்கிறேன். அதை எழுதலாம் என்று தோன்றியது. எழுதலாமா என்று என் கணவரிடம் கேட்டேன். "எழுதேன்" என்றார். அவர் யோசிக்காமல் சொன்னாரோ என்று மறுநாளும் ஒரு முறை கேட்டேன்.

பெரிய கட்டடங்களின் ஏசியில் பூஞ்சை பிடித்திருக்கிறதா, உள்ளே இருப்பவர்கள் சுவாசிக்கும் காற்று எப்படி இருக்கிறது என்று பார்த்துச் சொல்வது எங்கள் வேலை. அலுவலகம் பாலக்காடு டவுனில். வேலை மட்டும் கோவிந்தாபுரம் எல்லையில் தொடங்கி மூணாறு, உடும்பஞ்சோலை வரை போகும். நான் கோயம்புத்தூரில் நுண்ணுயிரியல் படித்தவள். படிப்பில் பூஞ்சையின் பெயர்களைச் சொல்லிக்கொடுத்தார்கள். அது எந்த ஓட்டைக்குள் இருக்கும், அங்கே போவதற்கு ஏணியை எந்தப் பக்கம் சாய்ப்பது என்பதையெல்லாம் வேலையில்தான் கற்றேன். முதல் சில மாதங்கள் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றதும், பிளேட்டுகளில் பெயர் ஒட்டியதும்தான் பயிற்சி.

பிளேட் என்றால் சாப்பிடும் தட்டு இல்லை. மூடி போட்ட சின்ன வட்டத் தட்டில் பூஞ்சைக்குப் பிடித்த தீனியை ஊற்றி உறைய வைத்திருப்போம். ஒரு பம்பு அறைக் காற்றை இழுத்து அதன்மேல் விடும். சில நாள் சூடான பெட்டியில் வைத்தால், காற்றில் கண்ணுக்குத் தெரியாமல் இருந்ததெல்லாம் பச்சையாகவும் கறுப்பாகவும் முளைத்து வரும். கட்டடத்துக்குள் சில பிளேட், வெளியே மரத்தடியில் ஒன்று. திறக்கவே திறக்காமல் எங்களோடு ஊர் சுற்றிவிட்டு வரும் ஒன்றும் உண்டு. அதில் ஏதாவது முளைத்திருந்தால் தப்பு எங்களுடையது. அந்தத் திறக்காத பிளேட்டைத்தான் நான் ஆய்வகத்தில் முதலில் எடுத்துப் பார்ப்பேன். சில நாள் திரும்ப வைத்துவிட்டு மறுபடியும் எடுத்துப் பார்ப்பேன்.

எனக்கு மேலே இருந்தவர் சேவியர் சார். மூணாற்றில் தேயிலை எஸ்டேட் தொழிலாளர் லயத்து வீட்டில் பிறந்து வளர்ந்தவர். "ஏசியே வேண்டாத ஊர்ல பொறந்தவன் ஏசிக்கு வைத்தியம் பாக்கேன்" என்று அவரே சொல்லுவார். எந்தக் கட்டடத்துக்குப் போனாலும் முதலில் ஒரு நாற்காலி கேட்பார். புகார் வந்த அறையின் நடுவில் அதைப் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு, பேசாமல் உட்கார்ந்திருப்பார். டீ கொண்டுவந்தால் கையைக் காட்டித் தடுத்துவிடுவார். டீ வாசனை போன பிறகு மூக்கு வேலை செய்யக் கொஞ்ச நேரம் பிடிக்குமாம். அவர் ஜெபம் செய்கிறார் என்று நினைத்து ஒரு வங்கி மேலாளர் செருப்பைக் கழற்றிவிட்டு அருகில் நின்றிருக்கிறார்.

"முதல்ல மூக்கு. அப்புறம் டார்ச்சு. அப்புறம் பஞ்சுக்குச்சி. வாயி கடைசி" என்பது அவர் எனக்குச் சொல்லித்தந்த வரிசை. நான் வாயைத்தான் முதலில் திறப்பேன் என்பதால் இதை அடிக்கடி சொல்ல வேண்டியிருந்தது.

மூணாறு பக்கம் ஒரு விடுதியின் கூட்ட அறையில் எல்லோரும் இருமுகிறார்கள் என்று போனோம். ஏசியில் காற்றைக் குளிர வைக்கும் குழாய்ச் சுருளான காயிலின் அடியில் தண்ணீர் சொட்டும் தட்டு ஒன்று இருக்கும். அதன் ஓட்டை வழியாகத் தண்ணீர் வெளியே போய்விட வேண்டும். அங்கே ஓட்டையைத் துணி சுருட்டி அடைத்திருந்தார்கள். தண்ணீர் கீழே நிற்கும் முதலாளியின் ஜீப்பில் சொட்டியதாம். தட்டில் குளம் கட்டி, குளத்தில் ஒரு தவளை உட்கார்ந்து என் டார்ச்சையே பார்த்தது. நான் ஏணியிலிருந்து பாதி இறங்கிவிட்டேன். விடுதிக்காரர் கீழேயிருந்து சொன்னார்: "அது இருக்கட்டும் மேடம், எங்களுக்குத் தெரியும். கொசு வராதுன்னு விட்டு வச்சிருக்கோம்."

இப்படித்தான் பெரும்பாலும் இருக்கும். யாரும் கெடுதல் நினைத்துப் பூஞ்சை வளர்ப்பதில்லை. ஏதோ ஒரு நல்லதை நினைத்துத்தான் ஓட்டையை அடைப்பார்கள்.

நான் எழுத நினைத்தது என் மூத்த மகள் பிறந்து, விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பிய நேரத்தில் நடந்தது. அப்போது நான் இருந்த நிலையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பூஞ்சை உள்ள கட்டடத்துக்குப் போய்விட்டு வந்து பிள்ளையைத் தூக்குவதா என்ற பயம் எனக்கு. வீட்டுக்கு வந்ததும் வாசலிலிருந்து நேரே குளியலறைக்குப் போவேன். உடுப்பைத் தனி வாளியில் போடுவேன். துப்பட்டாவில் ஒட்டிக்கொண்டு வந்துவிடுமா என்று சாரிடம் ஒரு நாள் கேட்டேன்.

"ஏம்மா, உங்க வீட்டு அரிசி டப்பாவுல இதைவிட ஜாஸ்தி இருக்கும்" என்றார்.

ஆறுதலாகத்தான் சொன்னார். நான் அன்று மாலை அரிசி டப்பாவைத் திறந்து பஞ்சுக்குச்சியால் துடைத்து எடுத்தேன். அதைப் பார்த்த என் மாமியார் ஒன்றும் கேட்கவில்லை. பக்கத்து வீட்டில் போய்ச் சொல்லிக்கொண்டிருந்தது மட்டும் கேட்டது: "படிச்ச புள்ளைங்க. அரிசிக்குக் காது குடையறா."

அந்தச் சமயம்தான் கொல்லங்கோட்டுப் பக்கம் ஒரு பிரசவ ஆஸ்பத்திரியிலிருந்து அழைப்பு வந்தது. தனியார் ஆஸ்பத்திரி. மேல் மாடி முழுக்கப் பிரசவ ரட்சைக்கு ஒதுக்கியிருந்தார்கள். பிள்ளை பெற்றவர்கள் வாரக்கணக்கில் தங்கி எண்ணெய்க் குளியல், மருந்துத் தண்ணீர்க் குளியல், பத்தியச் சாப்பாடு என்று உடம்பைத் தேற்றிக்கொண்டு போகும் இடம். மலையாளக் குடும்பங்களும் வரும், பொள்ளாச்சிப் பக்கத்துக் கவுண்டர் குடும்பங்களும் வரும். மாடி முழுக்க ஏசி. அதில் ஈரச் சாக்கு நாற்றம் அடிக்கிறது, பிள்ளை பெற்றவர்கள் தும்முகிறார்கள் என்று புகார்.

மேனேஜர் பிரதீப் சார் எங்களை வாசலிலேயே பிடித்துக்கொண்டார். ஏசியைப் பார்த்துக்கொள்ளும் ஆபரேட்டர் சசி அவர் பக்கத்தில் தலை குனிந்து நின்றார். சசி கோவிந்தாபுரத்துக்காரர். முப்பது வயது இருக்கும்.

"சார், இதில் கண்டுபிடிக்கான் ஒன்னும் இல்ல" என்றார் பிரதீப் சார். மலையாளமும் தமிழும் அவருக்கு ஒரே பையில்தான் இருந்தது. "இந்த ஆள் ஃபில்டர் கழுகறதே இல்ல. நீங்க அது ரிப்போர்ட்டில் எழுதித் தா. மாசக் கடைசியில் ஞான் ஆளை மாத்திக்கறேன்."

"கழுவறேனுங்க" என்றார் சசி, தரையைப் பார்த்து.

"கழுகினா எங்ஙன கறுக்கும்?"

தன் வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது, அது இதே ஆஸ்பத்திரியில்தான் பிறந்தது என்று படியேறும்போது சசி சொன்னார். என் பிள்ளையின் வயதுதான். அதைக் கேட்டபின் எனக்குப் பம்பைத் தூக்கவே கை வரவில்லை. நாங்கள் எழுதப்போகும் ஒரு வரியில் இவருடைய வேலை போகப்போகிறது. அந்த வரி சரியாக இருக்க வேண்டும் என்ற எண்ணமே அந்த வேலை முடியும்வரை எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

சார் வழக்கம்போல மாடியின் நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். பிறகு ஏசி ரூமுக்குப் போனோம். மாடிக் கோடியில் ஒரு சின்ன அறை. உள்ளே பீரோ மாதிரி பெரிய பெட்டி. மாடி முழுவதிலும் இருந்து திரும்பி வரும் காற்று அந்த அறைக்குள் வந்து, பெட்டியின் ஃபில்டர் வழியாக உள்ளே போய், குளிர்ந்து, மறுபடியும் வார்டுகளுக்குப் போகும். கதவைத் திறந்தாலே காற்று நம்மை உள்ளே இழுக்கும்.

சசி ஃபில்டரைக் கழற்றிக் காட்டினார். கழுவி ஒரு வாரம்கூட ஆகவில்லை என்றார். கறுப்பாக இருந்தது. சாதாரணத் தூசி சாம்பல் நிறத்தில் பஞ்சு மாதிரி இருக்கும், தட்டினால் விழும். இது தட்டினால் விழவில்லை. விரலில் ஒட்டியது. ஃபில்டர் அடைத்துக்கொண்டதால் காற்றுப் போதாமல் காயிலில் பனி கட்டியிருந்தது. நிறுத்தும்போதெல்லாம் அந்தப் பனி உருகித் தட்டு நிரம்பி வழிந்து, குளிர் வெளியே போகாமல் இருக்கப் பெட்டியின் உள்பக்கம் ஒட்டியிருந்த பஞ்சு மெத்தையெல்லாம் ஊறிப்போயிருந்தது. டார்ச் வெளிச்சத்தில் கறுப்பும் பச்சையுமாக மெத்தை முழுக்கப் பூஞ்சை. நாற்றம் எங்கிருந்து என்பது அந்த நிமிடமே தெரிந்துவிட்டது. ஃபில்டர் ஏன் இவ்வளவு சீக்கிரம் அடைக்கிறது என்பதுதான் தெரியவில்லை.

சார் ஃபில்டரை மூக்கருகே கொண்டுபோனார். கண்ணை மூடினார்.

"கவிதா, இது என்ன வாசனை?"

எனக்கு உடனே தெரிந்தது. சாம்பிராணி. அன்று காலை என்னைத் தலைக்குக் குளிப்பாட்டி, என் மாமியார் என் கூந்தலுக்குச் சாம்பிராணிப் புகை போட்டு அனுப்பியிருந்தார். வேலைக்குத் திரும்பிய பிறகும் அதை விடவில்லை. நான் குனிந்து ஃபில்டரைப் பார்த்தபோது என் தலைதான் அதன்மேல் இருந்தது.

"சார், அது என் தலை" என்றேன்.

சார் கண்ணைத் திறந்து என் தலையைப் பார்த்தார். ஃபில்டரைப் பார்த்தார். சசியைப் பார்த்தார். சசி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப மறுபடி வருவோம். வரும்போது தலைக்குப் புகை போடாம வா" என்றார்.

வீட்டில் இதைச் சொல்வதுதான் பெரிய பாடாகிவிட்டது.

"அத்தை, நாளைக்குச் சாம்பிராணி வேண்டாமுங்க. ஆபீசுல வேண்டாம்னுட்டாங்க."

"உன்ற தலையில புகை போடறதுக்கு ஆபீசு என்னத்துக்குங்க சாமி கேக்குது?"

"வாசனை வரக் கூடாதாம்."

"நாத்தம் அடிக்கற எடத்துக்குத்தான் வேலைக்குப் போற. அங்க வாசனை ஆகாதா?" என்று கேட்டுவிட்டு, என் கணவரைக் கூப்பிட்டு, "ஏனப்பா, இவ போறது நல்ல ஆபீசுதானா?" என்றார். அவர் செய்தித்தாளைப் புரட்டிக்கொண்டு "நல்ல ஆபீசுதான்" என்றார். அதையும் யோசித்துச் சொன்னாரா என்று எனக்குச் சந்தேகம்.

நான் வெறும் சீயக்காயில் தலை குளித்து, காய வைத்து, புதுத் துப்பட்டா போட்டுக்கொண்டு அடுத்த முறை போனேன். சசி ஃபில்டரைக் கழற்றினார். நான் எட்டத்தில், கதவுக்கு வெளியே நின்றுகொண்டேன். சார் முகர்ந்தார்.

"அதே வாசனைதான். உன் தலை நிரபராதி" என்றார்.

எனக்கு வந்த நிம்மதியைச் சொல்ல முடியாது. அதற்குள் கீழேயிருந்து அழைப்பு வந்து சசி போய்விட்டார். சார் கதவை உள்ளே பூட்டிக்கொண்டு ஏசி ரூமுக்குள்ளேயே நாற்காலி போடச் சொன்னார். பெட்டிக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த சந்தில் அவர் நாற்காலியில், நான் பம்புப் பெட்டியின்மேல். பேசக் கூடாது. வாய் கடைசி.

டாக்டர்கள் ரவுண்ட்ஸ் முடித்துக் கீழே போன சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் கதவில் சாவி திரும்பியது. அந்த அறைக்கு இரண்டே சாவி: சோதனைக்காக எங்களிடம் தந்தது ஒன்று, சசியிடம் ஒன்று. இது சசியின் சாவி. ஆனால் உள்ளே வந்தது சசி இல்லை. ஆயா சீருடையில் ஒரு அம்மா. கையில் தூபக்கால். தணல் கனிந்து, மேலே சாம்பிராணி புகைந்துகொண்டிருந்தது. அவர் பின்னால் ஈரத் தலையை விரித்துவிட்டபடி ஒரு பெண், அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி, ஆளுக்கொரு மாமியார் அல்லது அம்மா, புகை காட்டத் தூக்கி வந்த, துணியில் சுற்றிய பிள்ளைகள். ரேஷன் கடைக்கு வந்தது மாதிரி வரிசையாக நின்றார்கள்.

ஆயாவின் பெயர் சரசக்கா என்று பிறகு தெரிந்தது. அவர் எங்களைப் பார்த்ததும் திடுக்கிடவெல்லாம் இல்லை.

"ஏசிக்காரங்களா? நீங்க உங்க வேலையப் பாருங்க. நாங்க பொழுதோட முடிச்சிருவோமுங்க" என்று சொல்லிவிட்டு, முதல் பெண்ணை ஃபில்டருக்கு முன்னால் முக்காலியில் உட்கார வைத்தார். கூந்தலை விரித்து, அடியில் தூபக்காலைப் பிடித்தார். புகை அப்படியே கூந்தல் வழியாகப் போய், வளைந்து, ஃபில்டருக்குள் நுழைந்தது. ஒரு இழை வெளியே சிந்தவில்லை. இவ்வளவு அழகாகக் காற்றோட்டம் காட்டும் சோதனையை நான் கல்லூரியில்கூடப் பார்த்ததில்லை.

அடுத்த ஆளைக் கூப்பிடப்போனவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "அம்மிணி, நீங்களும் புள்ளை பெத்தவங்களாட்டத்தானே இருக்கீங்க. கொழந்தை எங்க?"

"வீட்ல இருக்குங்க" என்றேன்.

"கொண்டாரதில்லையா. செரி, உங்க தலைக்காச்சும் போட்டுக்குங்க. கடைசீல வாங்க."

சார் மெதுவாகக் கேட்டார். "ஏம்மா, இதை ஏன் இங்க வந்து போடுதீங்க?"

"வார்டுல போட்டா தீ மணி அடிச்சுப்போடுதுங்க" என்றார் சரசக்கா. "ஒருக்கா போட்டு, மாடியே எழுந்து ஓடிச்சு. பச்ச ஒடம்புக்காரங்க படியெறங்கி ரோட்ல நின்னாங்க. இங்கன்னா எந்திரமே புகையை இழுத்துக்குது. கண்ணெரிச்சல் இல்ல, மணியும் இல்ல."

"தினம் போடணுமா?"

"முந்தி ஒன்னுவிட்ட நாள்தானுங்க போட்டோம். இப்ப வார்டுல ஒரே பூஞ்சக்காத்து நாத்தம். புள்ளைக்கு ஆகாதுன்னு சொல்லி எல்லாரும் தினமும் போடோணுங்கறாங்க. நானும் என்னதான் பண்றதுங்க."

சார் கைக்குட்டையை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். புகைக்காக என்று நினைத்தேன். தோள் குலுங்கியது. அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் முறை. நாற்றத்துக்காகப் புகை. புகையால் ஃபில்டர் அடைப்பு. அடைப்பால் ஈரம். ஈரத்தால் நாற்றம். நாற்றத்துக்காக மறுபடி புகை. வட்டம் ஓர் இடத்திலும் விட்டுப்போகவில்லை.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கதவில் தொங்கிய சசியின் சாவியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கீழே அவரைத் தேடிப் பிடித்து, "ஏன் சொல்லலை?" என்று கேட்டேன்.

"அவிய எனக்குப் பெரியம்மா முறைங்க மேடம்" என்றார் சசி. "என்ற சம்சாரத்துக்குப் பிரசவமானப்ப ராப்பகலா கூட இருந்தவிய. அவியளப் போயி நான் எப்படிங்க காட்டிக்குடுக்கறது? வேலை போனா வேற வேலை பாத்துக்கலாமுங்க. ஊருக்குள்ள தலைகாட்டோணுமில்லீங்களா."

இனி அறிக்கை. எங்கள் அலுவலகத்தில் வரைவு எழுதுவது என் வேலை. காரணத்தை எழுதினால் சசி தப்பிப்பார், சரசக்கா மாட்டுவார். எழுதாமல் விட்டால் சசி போவார், பூஞ்சையும் திரும்ப வரும். 'புகை' என்று எழுதினேன். எங்கிருந்து புகை என்று கேட்பார்கள். 'வழிபாட்டுப் புகை' என்று மாற்றினேன். அது பொய். 'பிசின் கலந்த கரி' என்று எழுதினேன். அது உண்மைதான், ஆனால் நேராகப் பார்க்காத உண்மை. இதற்கு நடுவில் இன்னொன்றும் உறுத்தியது. பச்சைப் பிள்ளைகளின் நுரையீரலுக்குப் புகை ஆகாது. அதையும் எழுத வேண்டும் என்று தெரியும். என் வீட்டிலேயே தினமும் பிள்ளையைப் புகையில் காட்டிக்கொண்டிருந்தார்கள். அத்தையிடம் ஒரு வார்த்தை சொல்லத் துணியாதவள் ஆஸ்பத்திரிக்கு எழுதிக்கொடுக்கலாமா என்று தோன்றியது. எழுதினேன். அழித்தேன். திரும்ப எழுதினேன்.

சார் வரைவை வாங்கிப் படித்தார். 'பிசின் கலந்த கரி' என்பதை அடித்துவிட்டு 'சாம்பிராணிப் புகை' என்று எழுதினார். பிள்ளைகளைப் பற்றிய வரியை அப்படியே விட்டார்.

"ஆளு பேரை எழுதணுமா சார்?"

"பிளேட்டுல யாரு பேராவது மொளைச்சிருக்கா?"

"இல்ல சார்."

"மொளைச்சதை மட்டும் எழுது. ஆனா இன்னும் ஒன்னு கேக்காம விட்டிருக்கோம். இந்தப் பொம்பளப் பிள்ளைக எல்லாம் ஏன் ஈரத் தலையோட அலையுதுக? அதைக் கேட்டுட்டு வா."

கேட்டுக்கொண்டு வந்தேன். வார்டில் ஒவ்வொரு கட்டிலாகப் போய்ப் பேசினேன். பதில் எல்லோரிடமும் ஒன்றுதான். அந்தப் பதிலோடு மேனேஜர் அறைக்குப் போனோம். ஆஸ்பத்திரியின் பெரிய டாக்டரம்மாவும் வந்திருந்தார். பாலக்காட்டு டவுனின் பழைய அக்கிரகாரத் தெருவில் பிறந்தவர். கண்டிப்புக்குப் பேர் போனவர். சசியை ஓரமாக நிற்க வைத்திருந்தார்கள்.

பிரதீப் சார் அறிக்கையைப் புரட்டினார். "சாம்பிராணி. அது செரி. ஆரு?"

"அது எங்க சோதனையில வராது" என்றார் சார்.

"சாவி ஆரோட கையில்? இவன்தானே?" என்று சசியைக் காட்டினார். "அப்போ இவன் போகணும். செரியல்லே?"

கதவுக்கு வெளியே ஏதோ தடுமாறும் சத்தம் கேட்டது. சரசக்கா உள்ளே வந்து நின்றார். இந்த முறை தூபக்கால் இல்லை.

"அவனை விட்டுப்போடுங்க. நாந்தானுங்க" என்றார்.

டாக்டரம்மா மூக்குக் கண்ணாடியை இறக்கினார். "சரசு, நீயா? பிறந்த குழந்தைக்குப் புகை ஆகாதுன்னு நான் எத்தனை தரம் சொல்லியாச்சு? உன்னை யாராக்கும் இதைப் பண்ணச் சொன்னது?"

சரசக்கா கொஞ்சம் யோசித்தார். மரியாதைக் குறைவாகிவிடக் கூடாதே என்று தேடுவது முகத்தில் தெரிந்தது.

"நீங்கதானுங்க" என்றார்.

பிறகு ஒரே மூச்சில் கொட்டினார்.

"ஈரத் தலையோட ஏசியில படுக்கக் கூடாது, சன்னி வந்துரும், குளிச்சதும் தலையைக் காய வெச்சுட்டுத்தான் வார்டுக்குள்ள போகோணும்னு ஒவ்வொரு கட்டில்லயும் நின்னு சொல்றீங்களேங்க. காய வெக்கற எடம் எதுங்க? ஜன்னல் தொறக்காது. மொட்டை மாடி பூட்டிக் கெடக்குது. தலை காய வெக்கற மெசினைச் சொருகினா பியூஸ் போயிருதுன்னு இந்தச் சாரு பிளக்கையெல்லாம் புடுங்கிப்போட்டாரு. நித்தமும் எண்ணெய் தேச்சுக் குளிக்கறாங்க. முழங்கால் வரைக்கும் முடிங்க. எப்படிக் காயும்?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஏன் பார்க்கிறார்கள் என்று எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. வார்டில் கேட்டுக்கொண்டு வந்தவள் என்பதால் அப்போது பேச வேண்டியது நான்தான்.

"கட்டில் கட்டிலாக் கேட்டேன் மேடம்" என்றேன். "எல்லாரும் அதையேதான் சொல்றாங்க. நீங்க சொன்னதாலதான் தலையைக் காய வெக்கிறாங்க. நீங்க சொன்னது சரிதான் மேடம். தப்புன்னு நான் சொல்லலை. பிள்ளைக்குப் புகை கூடாதுன்னு சொன்னதும் சரிதான். எடம்தான் இல்ல." கடைசி வாக்கியம் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. திரும்பச் சொன்னேன்.

டாக்டரம்மா பிரதீப் சாரிடம் திரும்பினார். "மொட்டை மாடி ஏன் பூட்டிக் கிடக்கு?"

"ஆளுகள் துணி உணக்கான் காயப்போடும் மேடம். ரோட்டிலிருந்து பார்த்தா நம்ம ஆஸ்பத்திரி நன்னாயிருக்காது."

"இப்போ நன்னா இருக்காக்கும்?" என்றார் டாக்டரம்மா. எங்கள் அறிக்கையில் இருந்த மெத்தையின் போட்டோவை பிரதீப் சார் பக்கம் திருப்பி வைத்தார். கறுப்பும் பச்சையும் நல்ல தெளிவாக விழுந்திருந்தது. நான்தான் எடுத்தது.

"மேடம், அது செரி. ஆனா இதுக்கு ஆரையெங்கிலும் வேலையிலிருந்து அனுப்பணுமே" என்றார் பிரதீப் சார். அவருக்கு அது முடியாமல் அறையை விட்டுப் போக மனமில்லை.

"அனுப்பணும்னா கட்டடத்தைத்தான் சார் அனுப்பணும்" என்றார் சேவியர் சார்.

டாக்டரம்மா அறிக்கையை வாங்கி, காரணம் என்று இருந்த இடத்தில் தன் கையாலேயே ஒரு வரி சேர்த்தார்: குளித்தவர்கள் தலை உலர்த்த இடம் இல்லாமை. அடியில் கையெழுத்துப் போட்டார். பிறகு சரசக்காவைப் பார்த்தார். "நாளையிலேந்து மொட்டை மாடி உன் பொறுப்பு. வெயில்ல காயட்டும். மழைக் காலத்தில வேணும்னா ஷெட்டுக்கு அடியில அம்மாக்காரிகளோட முடிக்குப் புகை போட்டுக்கோ. குழந்தை மேலே வரப்படாது. வந்துதுன்னா நீ கீழே போகலாம்."

"செரிங்" என்றார் சரசக்கா.

"சாவி?" என்று கேட்டார் பிரதீப் சார். சசி சாவியை எடுத்து நீட்டினார். டாக்டரம்மா அதை வாங்கி, பார்த்து, சசியிடமே திருப்பிக் கொடுத்தார். "ஃபில்டர் யார் கழுவறது? நானா?"

ஊறிப்போன மெத்தையைக் கிழித்து எறிந்து, காயிலைக் கழுவி, தட்டின் சரிவைச் சரிசெய்து எல்லாம் முடிந்தபின், மறுசோதனைக்குப் போனோம். வார்டில் சார் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். எழுந்தார். "பத்தியக் கொழம்பு வாசனைதான் வருது" என்றார். அவர் தரும் உச்சபட்சச் சான்றிதழ் அது.

மொட்டை மாடியில் பெண்கள் வரிசையாக வெயிலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்கள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மேலே வந்த ஒரு மாமியாரைச் சரசக்கா படியிலேயே நிறுத்தினார். "கொழந்தைக்குப் புகை ஆகாதுங்க. நுரையீரல் கெட்டுப்போகும். தூக்கிட்டுக் கீழ போங்க." நான் அவரையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவரால் சொல்ல முடிகிறது. அன்று மாலை வீட்டுக்குப் போய் நானும் என் அத்தையிடம் சொன்னேன். அதே வார்த்தைகளில், ஆயா சொன்னதாகவே சொன்னேன். "ஆஸ்பத்திரிக்காரிக்குத் தெரியாததா" என்று உடனே ஒத்துக்கொண்டுவிட்டார். அதுவும் ஒரு வருத்தம்தான்.

சசி எங்களை ஏசி ரூமுக்குக் கூட்டிக்கொண்டு போனார். ஃபில்டரைக் கழற்றி, ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். வலையின் ஒவ்வொரு கண்ணிலும் வானம் தெரிந்தது. மாதக் கடைசி போய் இன்னொரு மாதமும் ஆகியிருந்தது. அவர் முகத்தில் இருந்த பெருமையைப் பார்த்தால் அதை அவரே பெற்றிருப்பார் போலிருந்தது.

"நல்லா இருக்குங்களா மேடம்?"

நல்லாத்தான் இருந்தது. ஃபில்டரின் சட்டத்தில், ஒரு மூலையில் மட்டும், பட்டாணி அளவுக்குக் கறுப்பாக ஒரு வட்டம். டார்ச்சை அடித்துப் பார்த்தேன். "சசி, இது என்னது?"

சசி கூச்சத்தோடு சிரித்தார். "பெரியம்மா வெச்சுட்டாங்க. இத்தனை வெள்ளையா இருந்தா கண்ணு பட்டுருமாம்."

சார் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் தோளை நான் பார்க்கவில்லை. எனக்கு வேலை இருந்தது. புதுப் பஞ்சுக்குச்சி ஒன்றைப் பிரித்து, அந்தத் திருஷ்டிப் பொட்டை ஒரு முறை சுற்றித் தொட்டு எடுத்து, பிளேட்டில் தடவி, பெயர் ஒட்டி, மற்றவற்றோடு சூடான பெட்டியில் வைத்தேன்.

அதில் எதுவும் முளைக்கவில்லை. சந்தேகத்துக்கு இன்னும் இரண்டு நாள் கூடுதலாக வைத்திருந்தும் முளைக்கவில்லை.